யாழ்ப்பாண அரசின் முதல் மன்னன் யார்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நல்லூர்த் தேருக்குப் போகாதவர் இச்சபையில் மிகச் சிலரே இருப்பர். ஆயினும் நல்லூரை இராசதானியாக்கிய மரபின் முதல் மன்னன் யாரென்று வினாவினால், நம்முள் ஒருவர் ஒரு பெயரும் மற்றொருவர் வேறொரு பெயரும் சொல்வோம். இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது என்பதே இன்றைய பொருள்.

முதலில் நம் முன்னோர் சொல்லிவைத்த வரலாற்றைப் பார்ப்போம். இதனை எழுதிவைத்தவர் நம் அயலூராகிய மாதகலில் வாழ்ந்த மயில்வாகனப் புலவர். ஒல்லாந்தர் காலத்திலே, 1736ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை கூறுவது இது: யாழ்பாடிக்குப் பின் நாடு அரசனின்றித் தளம்பியது. பொன்பற்றியூர்ப் பாண்டி மழவன் மறுகரை சென்று, சிங்கையாரியன் என்னும் இளவரசனை அழைத்து வந்தான். கூழங்கைச் சக்கரவர்த்தி என்பதும் அவன் பெயரே. அவன் புவனேகவாகுவை அமைச்சனாகக் கொண்டு நல்லூரில் மதிலும் மாளிகையும் எடுப்பித்தான். யமுனா ஏரியை அமைத்தான். நகருக்குக் காவலாக நாற்றிசையும் கோயில் கண்டான். தெல்லிப்பழை, மயிலிட்டி, இணுவில், நமக்கு அண்மையிலுள்ள தொல்புரம் முதலிய ஊர்களிலே குடிகளையும் தலைவர்களையும் இருத்தினான்.

இனி ஆராய்ச்சியாளர் கூற்றைக் கேட்போம். 1215ஆம் ஆண்டில் கலிங்க மாகன் 24,000 வீரருடன் இலங்கைக்கு வந்து, பொலநறுவையில் இருந்து 21 ஆண்டுகள் ஆண்டானென்று சிங்கள வரலாற்று நூல் சொல்லும். அவனே நம் அரசின் முதல்வன் என்பது சுவாமி ஞானப்பிரகாசர் கருத்து. காலிங்கன் என்ற பெயரே கூழங்கையெனத் திரிந்தது என்பர். மற்றொரு சாரார் பாண்டியர் தொடர்பை முதன்மையாகக் கொள்வர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தலைவன் யாப்பகூவாவைத் தாக்கித் தந்ததாதுவைக் கைப்பற்றிச் சென்றான். அவன் மரபினரே பின்பு இங்கு நிலைத்தவர் என்பது அவர்கள் முடிபு.

அப்படியானால் புலவர் எழுதியது கட்டுக்கதையா? அன்று. ஏட்டில் ஆண்டுக் கணக்கு மயங்கியிருக்கலாம். பல தலைமுறையின் செயல்கள் ஒருவன்மேல் ஏற்றப்பட்டிருக்கலாம். எனினும் அரசன் கடல்கடந்து வந்தான் என்னும் நினைவை ஆராய்ச்சியும் மறுக்கவில்லை. அரசு நிலைத்ததற்கும் சான்றுகள் உள. 1344இல் வந்த இபன் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அவன் உதவியுடன் சிவனொளிபாதமலைக்குச் சென்றார். இடபமும் ‘சேது’ என்னும் தமிழ் எழுத்தும் பொறித்த காசுகள் கிடைத்துள்ளன. 1619இல் பறங்கியர் கைப்படும்வரை இவ்வரசு இருந்தது.

இளைஞர்களே! பெரியோர் சொல்லும் கதையைக் கேட்டுச் சிரிப்பது அறிவாகாது. பெரியோர்களே! இளைஞர் சான்று கேட்டால் அதனை அவமதிப்பென்று கொள்ளுதலும் தகாது. ஏடு எழுதிய புலவர் நம் அயலூரார். ஆராய்ந்த ஞானப்பிரகாசர் மானிப்பாயார். இருவரும் இம்மண்ணின் மக்களே.

நாம் அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. அது சான்றுகள் அழிந்துபோதல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எரிந்ததை மீட்க நம்மால் இயலாது. வீட்டுப் பரணிலே செல்லரிக்கும் ஏட்டையும், உருக்குவதற்குக் கொடுக்கப்படும் பழங்காசையும் காத்தல் நம்மால் இயலும்.

ஆகவே இவ்வாண்டு சங்கத்தார் வீடுவீடாகச் சென்று, உள்ள ஏடு, காசு, பழைய உறுதி ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் படம் பிடித்து வைப்பார்களாக. பொருள் உடையவரிடமே இருக்கட்டும். அதன் படி பொதுவில் இருக்கட்டும். முதல் மன்னன் யாரென்ற வினாவுக்கு முடிந்த விடை நம் ஊர்ப் பெட்டகம் ஒன்றிலிருந்தே வெளிப்படவும் கூடும்.