முப்பத்து நாலு வயதில் ஓர் அரியர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜெர்மனி வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரும் பனியும் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நான் ஓர் அரியரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்தக் கல்லூரியில் நான்கு வருடமும் அரியர் இல்லாமல் முடித்தவன் நான். முதல் அரியரை 2023-இல், 34 வயதில் வைத்தேன். பாடம்: வாய் திறந்து பேசுவது.

2016-இல் வேலைக்காக ஸ்டுட்கார்ட் நகருக்குப் போனேன். 2020-இல் அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டேன். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. இனி இங்கேதான் வாழ்க்கை என்றான பிறகு, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தேன்.

ஜெர்மன் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவருக்குச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. அங்கே மூன்று வருடம் சட்டப்படி வசித்து, திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு அப்போது எட்டு வருடம். 2024 ஜூன் மாதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம். "ஆக, நமக்கு வேலை சுலபம்" என்று நினைத்தேன். கல்யாணம் குறைப்பது காத்திருக்கும் வருடங்களைத்தான், மொழியை அல்ல என்பது பிறகுதான் புரிந்தது.

மொழித் தேர்ச்சியைத் தாளில் காட்ட வேண்டும். ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். குடியுரிமைக்கு மூன்றாவது படியான பி1 வேண்டும். ஜெர்மன் மொழியில் பள்ளிப் படிப்போ பட்டமோ முடித்திருந்தால் அதையே காட்டலாம். வெளிநாடு போகிற நம்ம பசங்க ஆபீசில் வரிசையில் நின்று 'பயிற்று மொழி ஆங்கிலம்' என்று ஒரு சான்றிதழ் வாங்குவோமே, அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அங்கே அதற்கு வேலையே இல்லை.

ஏழு வருடம் அந்த நாட்டில் இருந்தவனுக்கு பி1 என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் ஆங்கிலம். வீட்டில் மனைவியோடு ஆங்கிலம். டாக்டருக்குப் போன் செய்வது, நகராட்சிக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது, பள்ளத்துத் தண்ணீர்க் குழாய்க்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் அவள்தான். என் ஜெர்மன், ரொட்டிக் கடையோடு நின்றிருந்தது.

நான் எழுதியது கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வு. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 60 எடுக்க வேண்டும். நம்ம ஊர்ப் பழக்கம் இருக்கே, பழைய வினாத்தாளை எல்லாம் கரைத்துக் குடித்தேன். முதல் மூன்று பகுதிகளும் தேறிவிட்டன.

பேச்சுத் தேர்வுக்கு இருவர் இருவராகக் கூப்பிடுவார்கள். சுமார் கால் மணி நேரம். இருவரும் சேர்ந்து ஒரு காரியத்துக்குத் திட்டம் போட வேண்டும். பிறகு ஆளுக்கொரு தலைப்பில் சிறு உரை. அதன் மேல் கேள்வி, பதில். என் ஜோடியாக வந்தவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் சிரியா நாட்டு அம்மா. ஒரு பிரிவு உபசார விருந்துக்குத் திட்டம் போடச் சொன்னார்கள். நான் மனப்பாடம் செய்த வாக்கியங்களை வரிசையாக ஒப்பித்தேன். அவர் நடுவில் நிறுத்தி, "சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு, வேறு நாள் வெச்சுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். என் மனப்பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. வாய் அடைத்துப் போனது. அவர் பேச்சில் இலக்கணம் தடுக்கியது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. என் தலைக்குள் இலக்கணம் சுத்தமாக இருந்தது, பேச்சுதான் வரவில்லை. 51 மதிப்பெண். அரியர்.

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஹாஸ்டல். என் அறை நண்பன், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்து வந்தவன். டிரான்ஸ்ஃபார்மர் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவான். வைவாவில் மட்டும் வேர்த்துப் போய் நிற்பான். அவன் ஒரு நாள் "ஐ டிடின்ட் கேம்" என்று சொன்னதை, ஒரு செமஸ்டர் முழுக்க மெஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான்.

அவனுக்குப் போன் போட்டேன். "டேய், ரெண்டாவது வருஷம் நீ இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சியே, எப்படிடா?" என்று கேட்டேன். அவன் சொன்னது: "தினமும் யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு கேள்வி இங்கிலீஷ்ல கேப்பேன். லைப்ரரியன், சீனியர், வடநாட்டுப் பசங்க, யாரா இருந்தாலும் சரி. உன்கிட்ட மட்டும் கேக்க மாட்டேன்."

"ஏன்டா?"

"நீ சிரிப்படா."

பதில் சொல்ல எனக்குத் தமிழும் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவன் வழியைப் பிடித்தேன். சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் கிடையாது என்று மனைவியிடம் சொன்னேன். அலுவலகத்தில் தினம் ஒரு கேள்வி ஜெர்மனில். மாமியார் பேசுவது ஸ்வாபிய வட்டார வழக்கு. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. தப்பும் தவறுமாக அவரோடு போனில் பேசினேன். அந்த அம்மா ஒரு நாளும் சிரிக்கவில்லை. திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான். நான் என் நண்பனுக்குச் செய்யாததை அவர் எனக்குச் செய்தார்.

தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம், நம்ம அரியர் மாதிரியே. நான்கு மாதம் கழித்துப் போனேன், தேறினேன். அடுத்து குடியுரிமைத் தேர்வு: 33 கேள்விகள், ஒரு மணி நேரம், 17 சரியாக இருந்தால் போதும். மொத்தம் 310 கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை. நம்ம ஆட்களுக்கு அது அல்வா! பிறகு 255 யூரோ கட்டணம், நீண்ட காத்திருப்பு.

2025-இல் சான்றிதழ் தரும் முன், அந்நாட்டு அரசியல் சட்டத்தை மதித்து நடப்பேன் என்ற உறுதிமொழியை ஜெர்மனில் சொன்னேன். போனில் எனக்காக எல்லாம் பேசிய என் மனைவி, அதை எனக்காகச் சொல்ல முடியாது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. ஜெர்மனி 2024 முதல் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி, வேறு குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டேன். ஓசிஐ அட்டையோடு வந்து போகலாம், ஓட்டு கிடையாது. இனி என் ஓட்டு அங்கேதான். ஓட்டுப் போடும் ஊரிலும் வாய் திறக்கத் தெரியாது என்றால், நான் எந்த ஊருக்கும் ஆளில்லாமல் போயிருப்பேன். மொழித் தேர்வு வெறும் காகிதத் தொல்லை என்று முதலில் எரிச்சல்பட்டவன்தான் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வெளிநாடு போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் வருடமே பேச ஆரம்பித்துவிடுங்கள்; அலுவலக ஆங்கிலத்தையும் வாழ்க்கைத் துணையின் நாக்கையும் நம்பி இருக்காதீர்கள். இங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. இந்த வருடமும் தமிழ் வழியில் படித்த ஒரு பையனோ பொண்ணோ உங்கள் அறைக்கு வந்திருப்பார்கள். அவர்கள் தப்பாகப் பேசினால், சிரிக்காமல் திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள்.

என் அறை நண்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். மன்னிச்சுக்கடா. பதினெட்டு வருஷம் தாமதம். இந்த அரியரையும் இன்றைக்கு முடித்துவிடுகிறேன்.