நாலு பல் பூண்டு

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மணி அடிப்பேன் என்று செயலாளர் மிரட்டியிருக்கிறார். அதனால் பூண்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

என் பெரியப்பா எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வாலிபத்தில் வலது புறங்கையில் பட்ட தீக்காயம் தழும்பாகவே நின்றுவிட்டது. நான் இங்கே பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்தத் தழும்பில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. "நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியேடா, என்ன போடலாம்?" என்றார். பூண்டில் கந்தகச் சேர்மம் இருக்கிறது, கிருமியைக் கொல்லும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். "அரைச்சுக் கட்டுங்க பெரியப்பா" என்றேன், பெரிய மேதை மாதிரி!

திருவொற்றியூர் வீட்டில் தினமும் நாலு பல் பூண்டு அரைபட்டது. மூன்று மாதம். தோல் வெந்து புண் பெரிதானதுதான் மிச்சம். கடைசியில் ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். சதை எடுத்துச் சோதித்தார்கள். பழைய தீத்தழும்பில் வருகிற தோல் புற்று. கையை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் சொன்னது முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. பூண்டை நசுக்கும்போதுதான் அல்லியின் என்ற பொருள், நொதியின் உதவியால் அல்லிசினாக மாறுகிறது. அந்த நெடி அதனுடையதுதான். 1944-லேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அல்லிசினிலிருந்து பிறப்பது அஹோயீன். லக்னோவில் தொழில் நச்சியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள், பூண்டின் இன்னொரு கந்தகச் சேர்மத்தை எலிகளின் தோலில் தடவி, ரசாயனத்தால் உண்டாகும் கட்டிகள் குறைவதைக் கண்டார்கள். 2003-ல் நெதர்லாந்தில் அஹோயீனைத் தடவிய 21 நோயாளிகளில் 17 பேருக்குக் கட்டி சுருங்கியது. தானாகச் சாக வேண்டிய கெட்ட செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஒரு புரதத்தை அது குறைக்கிறதாம்.

ஆனால் கவனியுங்கள். அவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் வேறு உறுப்புக்குப் பரவாத 'பேசல் செல்' வகை. பெரியப்பாவுக்கு வந்ததோ பரவக்கூடிய 'ஸ்குவாமஸ்' வகை. அவர்கள் தடவியது அளந்து செய்த மருந்து, அம்மியில் அரைத்த விழுது அல்ல. சுருங்கியது என்றால் குணமானது என்றும் அர்த்தமில்லை. பச்சைப் பூண்டைக் கட்டினால் தோல் வெந்துபோகும். எங்கள் வீட்டில் கண்ணால் கண்டோம்.

நம்மில் பலர் தார், மெஷின் எண்ணெய், வெல்டிங் என்று காலம் தள்ளியவர்கள். பூண்டு ரசம் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் ஒரு மாதமாகியும் ஆறாத புண், திடீரென்று தடிக்கிற தழும்பு இருந்தால் அடுத்த நாளே டாக்டரிடம் காட்டுங்கள். அந்த மூன்று மாதத்தை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கல்யாணப் பத்திரிகையை இடது கையால் வாங்கிக்கொண்டு, "வாங்க டாக்டரே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

மணி அடிக்கலாம்.