கண்ணகி நகர் என்றால் கேட்டைச் சாத்திவிடலாமா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுவில் ஏழாவது பொருள் மீது மூத்த குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. வர இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



லிஃப்ட் பராமரிப்பு, டேங்கர் தண்ணீர்க் கணக்கு எல்லாம் முடிந்து இப்போதுதான் ஏழாவது பொருளுக்கு வந்திருக்கிறோம். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, தெரியும். ஆனால் இதைக் கை தூக்கி ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டாம். தீர்மானத்தை எல்லாரும் வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம் முகவரி உள்ளவர்களை வீட்டு வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் நம் வளாகத்துக்குள் விடக்கூடாது என்கிறது. போன மாதம் ஒரு வீட்டில் நகை காணாமல் போனதுதான் காரணம். பறிகொடுத்தவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. எடுத்தது யார் என்று போலீஸ் இன்னும் சொல்லவில்லை. நாம் அதற்குள் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம்.

கேட்டில் இருக்கும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். காலையில் உள்ளே வருகிற பெண்களில் பாதிக்கு மேல் அந்த மூன்று இடங்களிலிருந்துதான் வருகிறார்கள். அவர்களில் சிலர் இந்தக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்த நாளிலிருந்து வருகிறவர்கள். தீர்மானம் நிறைவேறினால் நாளைக் காலையில் வாட்ச்மேன் அவர்களிடம் என்ன சொல்லித் திருப்பி அனுப்புவார்?

ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிராளி முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சொந்த ஊர் பசுவந்தனை. கோவில்பட்டிப் பக்கம், கைலாசநாதர் கோயில் உள்ள ஊர். சுற்றிலும் கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. மழை பெய்தால் உளுந்து, பாசி, பருத்தி, கம்பு. பொய்த்தால் சீமைக்கருவேலம்தான். தபால் துறையில் வேலை கிடைத்து இங்கே வந்து வாடகைக்கு வீடு தேடியபோது, தெக்கத்தி ஆள் என்றதுமே கேட்பார்கள், "உங்க பக்கம் எதுக்கெடுத்தாலும் அருவாள் தூக்குவாங்களாமே?" தூக்கத்தான் செய்வார்கள். கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற மனிதன் அருவாளைத் தூக்காமல் வேறு எதைத் தூக்குவான்? சினிமாவில் அந்தக் கரிமூட்டத்தைக் காட்டுவதில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வீட்டுக்காரருக்கு என் பேச்சைக் கேட்டால் கடலை மிட்டாய் ஞாபகம் வராது.

எனக்காவது ஒரு மாதம் அலைச்சலோடு போயிற்று. நம் மாநிலத்தில் இதைச் சட்டமாகவே போட்டிருந்த காலம் உண்டு. பெரியவர்கள் கைரேகைச் சட்டம் என்பார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் திருடினானா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. இன்ன கூட்டத்தில் பிறந்தவன், இன்ன ஊர்க்காரன் என்று பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்ணெதிரே ஆஜராகிப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் மக்கள் இதை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. நம் தீர்மானத்தில் கைரேகை இல்லை, ராதாரிச் சீட்டு இல்லை. ஆனால் தனி மனிதன் செய்ததைப் பார்க்காமல் இருப்பிடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அதேதான்.

இப்போது கண்ணகி நகருக்கு வருகிறேன். அது தானாக முளைத்த ஊர் இல்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து, ஆற்றோரம், கால்வாயோரம், சாலையோரம் குடிசை போட்டிருந்தவர்களை நகரின் பல மூலைகளிலிருந்து அரசு கொண்டுவந்து குடியமர்த்தியது. முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இருக்காது. நம்மில் பலர் வீட்டு ஹால் அதைவிடப் பெரிது. சுனாமிக்குப் பிறகு ஒரு கூட்டம் வந்தது, 2015 வெள்ளத்துக்குப் பிறகு சுற்று வட்டாரத்துக்கு இன்னொரு கூட்டம் வந்தது. பழைய வேலை, பழைய பள்ளிக்கூடம், கடன் கொடுக்கிற மளிகைக் கடை எல்லாம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. ஒருவரை ஒருவர் தெரியாத குடும்பங்களை நெருக்கி அடுக்கிவிட்டு, படித்த பையனுக்கு வேலையும் இல்லை என்றால் என்ன நடக்கும்? சண்டையும் கஞ்சாவும் வரும். வந்தன. அங்கே குற்றமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அங்கிருந்து வருகிற பெண்களே சிரிப்பார்கள். ராத்திரியில் தெருவில் நடக்கப் பயப்படுவதும், பிள்ளை கெட்டுவிடுவானோ என்று தவிப்பதும் முதலில் அவர்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். கண்ணகி நகரும் எழில் நகரும் சேர்ந்து ஏறத்தாழ 23,000 வீடுகள். வீட்டுக்கு நாலு பேர் என்றாலே தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். கோவில்பட்டி நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 95,057. அதாவது ஒரு முழுக் கோவில்பட்டியைச் சில தெருக்களுக்குள் அடுக்கி வைத்திருக்கிறோம். கோவில்பட்டியில் ஒரு திருட்டு நடந்தால், அந்த ஊர்க்காரர் யாரையும் இனி வேலைக்கு வைக்காதே என்று யாராவது தீர்மானம் போடுவார்களா? போட்டால் முதலில் என்னைத்தான் காலி பண்ணச் சொல்ல வேண்டியிருக்கும்!

கெட்ட பெயர் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? நம் மாதிரி வளாகத்தில் ஒருவர் தப்பு செய்தால் பேப்பரில் 'தனியார் நிறுவன ஊழியர் கைது' என்று வரும். அங்கே ஒருவர் செய்தால் தலைப்பில் ஊர் ஏறிவிடும். இன்னொன்றும் உண்டு. போலீஸ் பதிவேட்டில் இருப்பது நடந்த குற்றம் எல்லாம் அல்ல, பதிவான குற்றம். எங்கே ரோந்து அதிகமோ அங்கே வழக்கும் அதிகம். யாரும் புகார் கொடுக்காமலே போலீஸார் தாங்களாக எழுதுகிற நன்னடத்தைப் பிணை வழக்குகள் உண்டு. அவை எந்த மாதிரித் தெருக்களில் எழுதப்படும், அடுக்குமாடி வளாகங்களில் எழுதப்படுமா என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளே நடக்கும் அடி உதை நம் ஐந்தாவது மாடியிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவதே இல்லை. சுவர் கெட்டியாக இருந்தால் பெயரும் சுத்தமாக இருக்கும்.

நாற்பது வருஷம் முகவரி படித்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் இதையும் சொல்கிறேன். கண்ணகி நகருக்கும், துரைப்பாக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் கட்டிய ஐ.டி. கம்பெனிகளுக்கும் பின்கோடு ஒன்றுதான், 600097. வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் கண்ணகி நகர் என்று எழுதாமல் துரைப்பாக்கம் என்று எழுதுவது அங்கே வழக்கம். உண்மை முகவரி தெரிந்தால் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை, கடனும் கிடைப்பதில்லை என்று அங்குள்ளவர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். வேலை கிடைக்காத பையன் தெருமுனையில் நிற்பான். தெருமுனையில் நிற்பதைப் பார்த்து நாம் பயப்படுவோம். நம் தீர்மானமும் அந்த வேலையைத்தான் செய்யப் போகிறது, கொஞ்சம் கூடுதலாக.

2020இல் அங்கே சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் போனார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஊர்ப் பெயரோடு சேர்த்தே அவர் பெயரைச் செய்தியில் படித்தோம், இதே வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் படமும் போட்டோம். ஆனால் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா நம் கேட்டைத் தாண்டுவதற்குத் தெருவில் ஒருவர் தங்கப் பதக்கம் வாங்கியாக வேண்டும் என்பது நியாயமில்லை.

பாதுகாப்பே வேண்டாமா என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. வேண்டும். ஆபத்து வருகிற வழியைப் பார்த்துக் கதவு போட வேண்டும். 2024இல் மட்டும் இணைய மோசடியில் நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. 'டிஜிட்டல் கைது' என்று பயமுறுத்தி ஆயுள்காலச் சேமிப்பை உருவுகிறவன் நம் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்த ஆள். உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதை.

ஆகையால் தீர்மானத்தைத் திருத்தித் தர விரும்புகிறேன். வேலைக்கு வருகிற எல்லாருக்கும், எந்த ஊராக இருந்தாலும், ஒரே விதி. ஏஜென்சி அனுப்பும் டிரைவருக்கும் அதுவே, வாடகைக்கு வருகிற ஐ.டி. பையனுக்கும் அதுவே. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாள், வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வசதி இருக்கிறது. கட்டணத்தை வேலை கொடுப்பவர் கட்டட்டும், அந்த அம்மாவின் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். சாவியைச் செருப்பு ஸ்டாண்டுக்குள் வைத்துவிட்டுப் போகிற பழக்கத்தை நாம் நிறுத்துவோம். பின்பக்கப் படிக்கட்டில் எரியாத கேமரா இரண்டையும் இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள், அது போன கூட்டத்திலேயே பேசியது. பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணை லிஃப்ட்டுக்குள் ஒட்டுங்கள்.

மூல வாசகத்திலேயே வாக்கெடுப்பு வைத்தால் நான் எதிராகத்தான் கை தூக்குவேன், அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். திருத்தத்தை வழிமொழிய யாராவது இருந்தால், செயலாளர் இப்போதே கேட்கலாம்.