கணிப்பொறிக்கு விதி எழுதுவோர் யார்?

 

மென்பொருள் தொழில் என்றவுடன், அது நமக்கு எட்டாத வித்தை என்று நம்முள் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஓசூரைக் கடந்து மாநில எல்லையைத் தாண்டினால், அதே நெடுஞ்சாலையோரம் எலக்ட்ரானிக் சிட்டி உள்ளது. அங்குள்ள நிறுவனங்கள் பலவற்றின் பணி யாது? வங்கிகளும் வணிக நிலையங்களும் பழைய முறையில் நடத்திவரும் அலுவல்களை ஆராய்ந்து, புதுமுறைக்கு மாற்றித் தருவதே ஆகும்.

இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று ரயில்வே முன்பதிவு. முன்னாளில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிப் பேரேடு இருந்தது. அப்பேரேடு உள்ள சாளரத்தில்தான் வரிசையில் நிற்க வேண்டும். 1986இல் புது தில்லியில், சி.எம்.சி. என்னும் அன்றைய அரசு நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் பெறலாயிற்று. 1999இல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

இதைச் செய்தோர் முதலில் கற்றது இயந்திரத்தை மட்டுமன்று. எழுத்தர் செய்த வேலையையும் கற்றனர். பயணச்சீட்டை ரத்துச் செய்தால் யாருக்கு இடம் சேரும், காத்திருப்போரில் முந்தியவர் யார் என்பவற்றையெல்லாம் விதிகளாக வகுத்தனர். அவ்விதிகளே மென்பொருள்.

கணிப்பொறி சாதி கேட்காது என்பர். மெய்தான். ஆயினும் அதற்கு விதி எழுதுவோர் மனிதரே. எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் காண்கிறேன். சாதிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறுவிதமாகவும் மாணவன் பெயர் இருக்கும். ஒரு தலைப்பெழுத்து மாறியதற்காக உதவித்தொகை விண்ணப்பம் திரும்பிவிடும். ஒரு நாள் கூலியை இழந்து தாய் அலைவாள். அவ்வலைச்சலை அறிந்த ஒருவர் விதி எழுதும் மேசையில் இருந்தால், திருத்துவதற்கு எளிய வழி ஒன்றை முதலிலேயே வைத்திருப்பார். நம் பிள்ளைகள் அவ்வளாகங்களில் காவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் மட்டும் நுழைவது போதாது என்று நான் கூறுவது இதனாலேயே.

தனியார் நிறுவன வேலைகளில் நமக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆகவே தகுதியையும் துணையையும் நாமே தேடிக்கொள்ளல் வேண்டும். வழிகளும் உள. தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சி அளிக்கிறது. சோஹோ நிறுவனம், பட்டம் பெறாத பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ மாணவர்களையும் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் பயிற்றுவிக்கிறது.

இன்று எளிய நிரல்களை இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. எனவே மனப்பாடம் உதவாது. ஒரு வேலையை முறையாக ஆராயும் அறிவே உதவும். நம்மூர்த் தக்காளி மண்டிக்குச் செல்லுங்கள். ஒரு பெட்டி வந்திறங்கியது முதல் விவசாயி கையில் பணம் சேரும்வரை யார் எதை எழுதுகிறார், எங்கே பிழை நேர்கிறது என்று வரிசைப்படுத்தி எழுதுங்கள். அதுவே இத்தொழிலின் முதற்பாடம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிவிழாவின் நினைவாக, நம் படிப்பகத்தில் இரண்டு கணிப்பொறிகளேனும் வையுங்கள். மாலைதோறும் பெண் பிள்ளைகளும் தடையின்றி வந்து பயில வழி செய்யுங்கள். மற்றவர் எழுதிய விதிகளுக்கு உட்பட்டு நெடுங்காலம் வாழ்ந்துவிட்டோம். இனி விதி எழுதும் மேசையிலும் நம் பிள்ளைகள் அமரட்டும்.