கூலிக்காரனுக்கு ஜாமீன் யார்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், சிறையிலிருந்து விடுதலையான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

சிறையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நமது இயக்கத்துக்குச் சிறை புதிதல்ல. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தியாகிகளை நாம் மறக்கவில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது அரசியல் கைதிகளைப் பற்றி அல்ல. சைக்கிள் திருடியவன், கடையில் கைவைத்தவன், குடித்துவிட்டு அடிதடியில் இறங்கியவன் ஆகியோரைப் பற்றித்தான். வேலைநிறுத்த வழக்கொன்றில் விசாரணைக் கைதியாக ஏழு மாத காலம் நான் இவர்களோடு இருந்தேன்.

"திருடனுக்கா வக்காலத்து?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். திருட்டுப் போவது பல சமயம் நம் சைக்கிள்தான், நம் வீட்டு அண்டாதான். ஆகவே பதிலும் நேராக இருக்க வேண்டும்.

உள்ளே இருப்பவர் யார்?

2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீது குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. பணமுள்ளவன் பெரிய வக்கீலை வைத்து மறுநாளே வெளியே வருகிறான். கூலிக்காரன் உள்ளேயே கிடக்கிறான்.

என் பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் படுத்திருந்தான். கட்டட வேலைக்கு வந்தவன். செம்புக் கம்பி திருடியதாக வழக்கு. இரண்டாவது வாரமே கோர்ட்டு ஜாமீன் கொடுத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும் என்றார்கள். அவன் தாய் நடவு வேலைக்குப் போகிறவள். குடிசை இருப்பது புறம்போக்கில். வரி ரசீதுக்கு அவள் எங்கே போவாள்? ஜாமீன் உத்தரவு கையில் இருந்தது. ஆள் உள்ளே இருந்தான். நான் வெளியே வரும்போதும் அவன் அங்கேயே இருந்தான்.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன்தாரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று சொல்லி அதையும் தள்ளினார்கள். 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் அமைந்த இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் அவர். ஏழைக்குச் சொந்த ஜாமீனே போதும் என்ற வழியை அத்தீர்ப்பு காட்டியது. ஆனால் தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. பையன் சிறையில் இருக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தண்டனை என்றால் சிறை மட்டும்தானா? இல்லை. 1958-ஆம் ஆண்டிலேயே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. தூக்கோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றமானால், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட்டு ஆளை வெளியே விடலாம். பத்திரத்தின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையிலும் வைக்கலாம். 21 வயது நிரம்பாதவனாக இருந்தால், ஆயுள் தண்டனைக் குற்றம் தவிர மற்றவற்றில், தக்க காரணத்தை எழுதிவைக்காமல் அவனைச் சிறைக்கு அனுப்பக் கூடாது.

பொருளைப் பறிகொடுத்தவனுக்கு என்ன கிடைக்கும்? அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவைப் பாருங்கள். விடுதலையாகிறவன் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிடலாம். ஆறு மாதம் அவனைச் சிறையில் போட்டால் உங்கள் சைக்கிள் திரும்பி வராது. அவன் வெளியே வந்து உழைத்தால் அதன் விலையாவது வரும். திருடனுக்கா வக்காலத்து என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இவ்வளவு நல்ல சட்டம் ஏன் ஏழைக்கு எட்டவில்லை? 4-ஆவது பிரிவிலே ஒரு நிபந்தனை இருக்கிறது. விடுதலையாகிறவனுக்கோ அவனுடைய ஜாமீன்தாரருக்கோ, அந்த கோர்ட்டின் எல்லைக்குள்ளோ, பத்திரக் காலத்தில் அவன் வசிக்கப்போகும் இடத்திலோ நிலையான வீடு அல்லது நிரந்தர வேலை இருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் தூங்குகிறவனுக்கு ஏது வீடு? ஊர் ஊராக அறுவடைக்குப் போகிறவனுக்கு ஏது நிரந்தர வேலை? யாருக்குச் சட்டம் மிகவும் தேவையோ அவன் முகத்திலேயே கதவு சாத்தப்படுகிறது!

வெளியே வந்த பிறகு?

நன்னடத்தையில் விடப்பட்டவனுக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது 12-ஆவது பிரிவு. நடப்பது என்ன? டில்லி பால் விநியோகத் திட்டத்தில் ஒரு காசாளர், குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த துயரத்தினால் 500 ரூபாயை உரிய காலத்தில் கட்டவில்லை. 1963-ல் கோர்ட்டு அவரை நன்னடத்தையில் விட்டது. 1964-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரை மீண்டும் வேலையில் சேர்க்கும்படி 1985-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 500 ரூபாய்க்காக 21 ஆண்டு! சர்க்கார் ஊழியர் கதையே இப்படியென்றால், தினக்கூலியின் கதியைக் கேட்க வேண்டுமா?

ஆலை வாசலிலும் பண்ணையிலும் விரட்டப்பட்டவனை யார் தேடி வருகிறார்கள்? கந்துவட்டிக்காரன் வருகிறான். அடியாள் சேர்க்கும் நிலப்பிரபு வருகிறான். வேலைநிறுத்தத்தை உடைக்கக் கருங்காலி பிடிக்கும் கங்காணி வருகிறான். நாம் கைவிடும் ஒவ்வொரு கூலிக்காரனையும் நம் எதிரி பொறுக்கிக்கொள்கிறான். இது தர்ம காரியமல்ல, தோழர்களே, இது ஸ்தாபனக் காரியம்.

செய்ய வேண்டியவை

முதலாவது: ஜாமீன்தாரருக்கு வீடோ வேலையோ இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மில்லில் நிரந்தர வேலையுள்ள தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் வழக்கில் சிக்கிய ஏழைக்கு ஜாமீன் நிற்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு யூனியனும் தயாரிக்கட்டும். விசாரித்து, ஆளைத் தெரிந்துகொண்டுதான் நிற்க வேண்டும்.

இரண்டாவது: உரிமையை ஊர் ஊராகச் சொல்லுங்கள். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எதுவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, முன்பு தண்டனை பெறாதவன், தன் மீதுள்ள குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே கழித்துவிட்டால், அவனைப் பத்திரத்தின் பேரில் விட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. கோர்ட்டுக்கு எழுதவேண்டியது சிறை அதிகாரியின் கடமை. எழுதினாரா என்று கேளுங்கள்.

மூன்றாவது: பழைய வழக்கைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது, நன்னடத்தை அதிகாரிகளைப் போதிய அளவில் நியமிக்க வேண்டும் என்று சர்க்காரிடம் கோருவோம்.

சிறைக் கதவைத் திறந்துவிட சர்க்காருக்கு ஒரு சாவி போதும். திறந்த பிறகு அவன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்பது நம் கையில் இருக்கிறது. பட்டியலை இன்றைக்கே தொடங்குவோம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.