மணல் செய்யும் வேலை

(கொடுமுடியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தோழர் பேசியது)



கோடையில் காவிரி வற்றினால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். முதலில் வரும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகு சொம்பால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். ஓடுகிற தண்ணீரைவிட ஊற்றுத் தண்ணீர் நல்லது என்று எந்த என்ஜினீயரும் வந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதே காரியத்தை ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் நகரம் 1870 முதல் ரைன் நதிக்கரையில் செய்து வருகிறது. ஆற்றுக்குள் குழாய் விடுவதில்லை. கரையில் கிணறு தோண்டி, மணலுக்குள் கசிந்து வரும் நீரை இறைக்கிறார்கள். நம் நாட்டில் ஹரித்வாரிலும் கங்கைக் கரையில் இத்தகைய கிணறுகள் உண்டு. முதல் கிணறு 1965ல் வந்தது. பிறகு 22 ஆயிற்று.

மணல் வெறும் சல்லடை என்று எண்ணிவிடாதீர்கள். மணற்பருக்கைகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன. அவை நீரிலுள்ள அழுக்கைத் தின்கின்றன. நோய்க்கிருமிகள் மணலில் ஒட்டி, நாள் செல்லச் செல்லச் சாகின்றன. நீர் மண்ணுக்குள் 50 நாள் பயணம் செய்து கிணற்றை அடைய வேண்டும் என்று கணக்கிட்டு, கிணற்றைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை போடுவது ஜெர்மனியின் வழக்கம். அதன் பின்னும் குளோரின் கலப்பது நல்லது. வெள்ளக் காலத்தில் அவசியம்.

மணல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1892ல் ஹாம்பர்க் நகரில் காலரா கண்டது. அந்நகரை ஆண்ட வியாபாரிகள், செலவாகிறதே என்று வடிகட்டும் நிலையத்தைத் தள்ளிப்போட்டு, எல்பே நதி நீரை அப்படியே குழாயில் விட்டார்கள். 8,600 பேர் மாண்டனர். ஏழைகளின் குடியிருப்புகளில்தான் சாவு அதிகம். பக்கத்து ஆல்டோனா நகரமோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த அதே ஆற்று நீரை, தொட்டியில் பரப்பிய மணலில் வடித்துக் கொடுத்தது. அங்கே காலரா பெரிதாகப் பரவவில்லை.

ஆனால் மணலுக்கும் சக்தி இவ்வளவுதான் என்று உண்டு. கிருமியைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது. சாயப்பட்டறைக் கழிவிலுள்ள உப்பு மணலைத் தாண்டி நேரே கிணற்றுக்கு வந்து சேரும். கொடுமுடிக்குக் கீழே காவிரியில் கலக்கும் நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011ல் ஐகோர்ட்டு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயிக்கு நிலம் போயிற்று. தொழிலாளிக்குக் கூலி போயிற்று. கழிவைச் சுத்திகரிக்கும் செலவை அத்தனை வருஷம் மிச்சம் பிடித்தவன் யார்? இவ்விருவரும் அல்ல! நமக்கு மேலே ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் சாயப்பட்டறைகள் உண்டு. அங்கே வேலை செய்யும் தோழரும் குடிப்பது காவிரித் தண்ணீர்தான்.

இன்னொரு ஆபத்து மணல் லாரி. ஆற்றில் பத்தடி மணலை அள்ளினால் ஆற்றுமட்டம் இறங்கும். கரைக் கிணறு வற்றும். வெள்ளம் வந்தாலும் வடிகட்ட மணல் இராது. 2003ல் மணல் குவாரிகளைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. கொள்ளை நின்றதா?

பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்போர் இன்றும் கொடுமுடிக்கு வந்துதான் நீர் மொள்கிறார்கள். அந்தச் சொம்பு நீரைப் பரிசோதித்து, உப்பு எவ்வளவு, கிருமி எவ்வளவு என்று மாதாமாதம் பேரூராட்சி வாசலில் எழுதிப் போடச் சொல்லுவோம். குடிநீர்க் கிணற்றுக்கு அருகே லாரி இறங்கக் கூடாது, கழிவுச் செலவு முதலாளியின் கணக்கில் ஏற வேண்டும் என்பவை மற்ற இரு கோரிக்கைகள். மகஜர் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.