வீட்டுக் கடனும் ஏல அறிவிப்பும்



தோட்டத்து லயத்தில் வேலை போனால் வீடும் போயிற்று. அந்த அச்சம் நீங்கவே நம்மவர்கள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நகை விற்றாவது முன்பணம் கட்டி வீடு வாங்கினார்கள். அதனால்தானோ என்னவோ, தவணை தவறி வங்கியிலிருந்து கடிதம் வந்தால், பலர் அதைப் பிரிக்காமலேயே சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். ஆண்டின் நடுவே பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் கேட்டு வரும் பெற்றோரை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். விசாரித்தால், சில வேளைகளில் வீடு ஏலம் போயிருக்கும்.

ஒரு தவணை தவறியவுடன் வீடு பறிபோய்விடாது. தேசிய நிலச் சட்டப்படி, பொதுவாகப் பாக்கி ஒரு மாதமாவது நீடித்த பிறகே வங்கி 16டி படிவத்தை அனுப்பலாம். அதில் பொதுவாக ஒரு மாதக் கெடு இருக்கும். அதற்குள்ளும் பாக்கி தீராவிட்டால், பட்டாவின் வகையைப் பொறுத்து உயர்நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ விற்பனை ஆணை கோரப்படும். விசாரணைக்குத் தவறாமல் செல்ல வேண்டும். ஏலம் முடிவதற்குள் உரிய தொகையைச் செலவுடன் கட்டினால் அந்த ஆணை செல்லாததாகிவிடும்.

தனிப்பட்டா கிடைக்காத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். அங்கே கடன் ஒப்பந்தப்படி, நீதிமன்ற ஆணை இன்றியே ஏலம் நடக்கக்கூடும்.

சரி, என்ன செய்வது? முதலில் வங்கிக்குச் சென்று, வருமானம் குறைந்த காரணத்தைச் சொல்லி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம், தனிநபர்களுக்குக் கட்டணமின்றி உதவுகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்தும் விதிகளுக்கு உட்பட்டு வீட்டுக் கடனுக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் தவணை கட்டுவதற்காக வட்டி முதலைகளிடம் போகாதீர்கள். அது வீட்டோடு நிம்மதியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

எப்படியும் கட்ட முடியாது என்று தெரிந்தால், வங்கியின் சம்மதத்தோடு நாமே விற்பது மேல். ஏலத்தில் விலை குறைந்தால், மிச்சக் கடன் நம் தலையில்தான் நிற்கும்.

கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியாவிட்டால், படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். பள்ளிக்குக் கொண்டு வந்தாலும் படித்துச் சொல்கிறோம். அதற்கு வெட்கப்பட வேண்டாம். கெடு நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, மறுநாளே வங்கிக்குப் புறப்படுங்கள்.